இலண்டன் அருங்காட்சியகங்களில் சிறுவர்கள்

ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான இலண்டனில் உள்ள அருங்காட்சியகங்கள், சிறுவர்கள் பெற்றோருடனும் ஆசிரியர்களுடனும் பெருமளவில் சென்று பார்வையிடும் இடங்களாகும். இந்நகரின் பெரிய தேசிய அருங்காட்சியகங்களில் நிலையான காட்சிக்கூடங்களைப் பார்க்க நுழைவுக் கட்டணம் இல்லை. ஆயினும் இந்நிலை தொடக்கம் முதலே இருந்து வந்ததன்று. சிறுவர்களை வரவேற்கும் வழக்கமும் மெதுவாகவே உருவானது.

வரலாறு

பிரித்தானிய அருங்காட்சியகம் 1759 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டணம் இல்லாவிடினும், தொடக்கத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற்றவர்களே உள்ளே செல்ல முடிந்தது. 1851 ஆம் ஆண்டில் ஐட் பூங்காவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் கிடைத்த இலாபத்தைக் கொண்டு தென் கென்சிங்டனில் நிலம் வாங்கப்பட்டது. இன்று குடும்பங்கள் மிகுதியாகச் செல்லும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் இப்பகுதியில் அருகருகே அமைந்துள்ளன.

சிறுவர்களைத் தனிப் பார்வையாளர்களாகக் கருதிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று நகரின் கிழக்குப் பகுதியில் நடந்தது. அங்கு 1872 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெத்னல் கிரீன் அருங்காட்சியகத்தின் பொறுப்பை 1922 இல் ஏற்ற ஆர்தர் சபின், சலிப்புற்ற சிறுவர்கள் கட்டிடத்தில் இரைச்சலிட்டுத் திரிவதைக் கண்டார். அவர்களை வெளியேற்றுவதற்குப் பதிலாக வகுப்பறை அமைத்து, ஆசிரியர்களை அமர்த்தி, சிறுவர் வாழ்வோடு தொடர்புடைய பொருட்களைச் சேர்க்கத் தொடங்கினார். இந்நிறுவனம் 1974 இல் குழந்தைப் பருவ அருங்காட்சியகமாக மாறியது. அறிவியல் அருங்காட்சியகம் 1931 இல் சிறுவர் கூடம் ஒன்றையும், 1986 இல் பொருட்களைக் கையால் இயக்கிப் பார்க்கும் 'லாஞ்ச் பேட்' கூடத்தையும் திறந்தது.

நுழைவுக் கட்டணம்

1974 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணம் விதிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே நீக்கப்பட்டது. 1980 களில் அரசு மானியம் போதாத நிலையில் சில நிறுவனங்கள் மீண்டும் கட்டணம் பெறத் தொடங்கின. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1987 இலும், அறிவியல் அருங்காட்சியகம் 1988 இலும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1996 இலும் கட்டணம் விதித்தன. பிரித்தானிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம் போன்றவை இக்காலத்திலும் கட்டணமின்றி இயங்கின.

கட்டணத்தை நீக்குவதில் வரிச் சட்டமும் ஒரு தடையாக இருந்தது. இலவசமாக இயங்கும் அருங்காட்சியகம் வணிகம் செய்வதாகக் கருதப்படவில்லை. ஆகவே, அது வாங்கும் பொருட்களுக்கும் பணிகளுக்கும் செலுத்திய மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற இயலவில்லை. அதாவது, மக்களை இலவசமாக அனுமதித்த நிறுவனமே கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. 2001 ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு இத்தடை நீங்கியது.

கட்டண நீக்கம் படிப்படியாக நிகழ்ந்தது. 1999 ஏப்ரலில் சிறுவர்களுக்கும், 2000 ஏப்ரலில் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கும், 2001 டிசம்பர் 1 முதல் அனைவருக்கும் அனுமதி இலவசமாயிற்று. சிறுவருக்கு மட்டும் கட்டணம் நீக்கப்பட்டிருந்த காலத்தில், அவர்களை அழைத்து வரும் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது குறிப்பிடத்தக்கது. அரசு வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி, முன்பு கட்டணம் பெற்ற இங்கிலாந்தின் தேசிய அருங்காட்சியகங்களுக்கு 2000-01 இல் ஏறத்தாழ 70 இலட்சமாக இருந்த வருகைகள், 2010-11 இல் ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்ந்தன.

இம்மாற்றம் பார்வையிடும் முறையையும் பாதிக்கக் கூடியது. கட்டணம் செலுத்திய குடும்பம் அப்பணத்திற்கு ஈடாக முழுக் கட்டிடத்தையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது இயல்பு. கட்டணம் இல்லாதபோது ஒரு கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு, குழந்தை களைப்படைந்ததும் வெளியேறி, வேறொரு நாள் திரும்பி வரலாம்.

சிறுவர்கள் விரும்பும் இடங்கள்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்: ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த இக்கட்டிடம் 1881 இல் திறக்கப்பட்டது. இதன் சுடுமண் சிற்பங்களில் மேற்குப் பகுதியில் வாழும் உயிரினங்களும், கிழக்குப் பகுதியில் அற்றுப்போன உயிரினங்களும் செதுக்கப்பட்டுள்ளன. ஆண்ட்ரூ கார்னெகி வழங்கிய டிப்ளோடோக்கஸ் என்னும் தொன்மாவின் எலும்புக்கூட்டு வார்ப்பு 1905 இல் காட்சிக்கு வந்து, 1979 முதல் 2017 வரை நடு மண்டபத்தில் நின்றது. இப்போது அவ்விடத்தில் 25.2 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகின்றது. இத்திமிங்கிலம் 1891 இல் அயர்லாந்தின் வெக்ஸ்போர்டில் கரையொதுங்கியதாகும். 1995 ஆம் ஆண்டின் கோபே நிலநடுக்கத்தை விளக்க அமைக்கப்பட்ட, நடுங்கும் அங்காடி மாதிரியும் இங்கு புகழ்பெற்றது.

அறிவியல் அருங்காட்சியகம்: அப்பல்லோ 10 விண்கலத்தின் கட்டளைக் கலம், 'பஃபிங் பில்லி' நீராவி இயந்திரம் ஆகியன இதன் முக்கிய காட்சிப் பொருட்கள். 2016 இல் திறக்கப்பட்ட 'வொண்டர்லேப்' கூடத்தில் வெவ்வேறு பரப்புகளைக் கொண்ட சறுக்குகளில் சறுக்கிச் சிறுவர்கள் உராய்வை உணர்ந்தறியலாம். இக்கூடத்திற்குத் தனிக் கட்டணம் உண்டு.

யங் வி அண்ட் ஏ: பெத்னல் கிரீனில் இருந்த குழந்தைப் பருவ அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு, 2023 ஜூலை 1 அன்று இப்பெயரில் திறக்கப்பட்டது. வடிவமைப்பின்போது அப்பகுதிச் சிறுவர்களின் கருத்துகள் கேட்கப்பட்டன. விளையாட்டு, கற்பனை, வடிவமைப்பு என மூன்று கூடங்கள் இதில் உள்ளன.

ஆர்னிமன் அருங்காட்சியகம்: தேயிலை வணிகரான பிரெட்ரிக் ஆர்னிமன் திரட்டிய பொருட்களைக் கொண்டது. இதன் தற்போதைய கட்டிடம் 1901 இல் திறக்கப்பட்டது. இங்குள்ள பாடம் செய்யப்பட்ட வால்ரஸ், நீண்ட தந்தங்களையுடைய கடல்வாழ் பாலூட்டியாகும். உயிருள்ள வால்ரஸின் தோலில் மடிப்புகள் உண்டு என்பதை அறியாதவர்கள் அதை முழுவதும் அடைத்துவிட்டதால் இது பந்து போல உப்பியுள்ளது. அதிலுள்ள பிழையே அதன் புகழுக்குக் காரணமாயிற்று. வால்ரஸ் வைக்கப்பட்டிருந்த இயற்கை வரலாற்றுக் கூடம் புதுப்பிப்பதற்காக 2024 மார்ச்சில் மூடப்பட்டது.

கட்டணம் உள்ள இடங்கள்: இலண்டன் கோபுரத்தில் வளர்க்கப்படும் அண்டங்காக்கைகள் சிறுவர்களைக் கவர்வன. இக்கோபுரத்தில் இருந்த அரச விலங்குக் காட்சி 1835 இல் மூடப்பட்டது. அதன் விலங்குகள் பல, 1828 இல் தொடங்கப்பட்ட இலண்டன் விலங்கியல் பூங்காவுக்கு மாற்றப்பட்டன. கோவென்ட் கார்டனின் பழைய மலர்ச் சந்தைக் கட்டிடத்தில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் சிறுவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு மட்டும் உண்டு.

பயணமும் வசதிகளும்

11 வயதுக்குட்பட்டோர் நகரப் பேருந்துகளில் இலவசமாகப் பயணம் செய்யலாம். சுரங்க ரயிலில், கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருடன் இவ்வயதினர் நால்வர் வரை இலவசமாகச் செல்லலாம். தென் கென்சிங்டன் நிலையத்திலிருந்து அருங்காட்சியகங்களை நோக்கிச் செல்லும் நடைபாதைச் சுரங்கம் 1885 இல் அமைக்கப்பட்டது. மழை நாட்களில் குழந்தைகளுடன் வருவோருக்கு இது பெரிதும் பயன்படுகின்றது. இயற்கை வரலாற்று, அறிவியல் அருங்காட்சியகங்களில் வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவை உண்ண இடம் உண்டு. பள்ளி விடுமுறை நாட்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும். தென் கென்சிங்டனின் மூன்று அருங்காட்சியகங்களும் டிசம்பர் 24 முதல் 26 வரை மூடப்படும்.

விவாதங்கள்

கட்டணம் நீங்கியதால் மட்டும் சிறுவர்கள் எல்லா இடங்களிலும் வரவேற்கப்பட்டனர் எனக் கூற முடியாது. இலண்டனில் நடைபெற்ற அஸ்டெக் கலைப் பொருட்காட்சி ஒன்றில் சிலையைக் கண்டு உரக்கக் கத்திய தன் சிறு குழந்தையுடன் வெளியேறுமாறு எழுத்தாளர் டியா பிர்கெட் கேட்டுக்கொள்ளப்பட்டார். இதைப் பற்றி அவர் எழுதியதைத் தொடர்ந்து, 2003 இல் 'கிட்ஸ் இன் மியூசியம்ஸ்' என்னும் இயக்கம் தோன்றியது. குழந்தைகளின் குரலை இடையூறாகக் கருதாமல் வரவேற்க வேண்டும் என்பது இதன் நோக்கமாகும்.

இலவச அனுமதி தொடர வேண்டுமா என்பதும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது. இச்செலவு வரிப்பணத்திலிருந்து ஈடுசெய்யப்படுவதால், வெளிநாட்டுப் பயணிகளிடம் மட்டுமாவது கட்டணம் பெறலாம் என்ற கருத்து அவ்வப்போது முன்வைக்கப்படுகின்றது. நுழைவாயிலில் ஒருவரின் நாட்டை விசாரிக்கும் முறை, எவரும் தடையின்றி உள்ளே வரலாம் என்ற நிலையையே மாற்றிவிடும் என்பது இதற்கு எதிரான வாதமாகும். சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிக் கட்டணம் பெறும் வழக்கம் பரவலாக உள்ளது. இதனால், கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களின் சிறுவர்கள் கட்டிடத்துக்குள் வந்தும் சில கூடங்களைக் காண முடியாத நிலை இன்றும் உள்ளது.