மோன்தேனின் கல்லடைப்பு

முதுகுத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்வதற்குப் பாரம் தூக்குதலும் கோணலாய் அமர்தலுமே சாதாரணக் காரணங்களாயினும், அவ்வேதனையோடு வாந்தியும் சேருமாயின் சிறுநீரகக் கல்லையும் சந்தேகித்தல் வேண்டும்; ஏனெனில் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் செல்லும் நரம்புகள் ஒரே பின்னலில் சந்திக்கின்றன. இவ்வியாதியால் பீடிக்கப்பட்ட பிரெஞ்சுக் கட்டுரையாசிரியர் மோன்தேன், 1580ஆம் ஆண்டில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி வழியாக இத்தாலியை அடைந்து, லூக்காவுக்கு அருகிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் நீராடியும் அந்நீரைப் பருகியும் நிவாரணம் தேடியதோடு, வெளிப்பட்ட கற்களைப் பற்றியும் நாட்குறிப்பில் விஸ்தாரமாக எழுதிவைத்தார். துன்பத்தை இத்தனை நேர்மையோடு ஆராய்ந்த உள்ளம் எவ்வளவு உயர்ந்தது! உடலைக் கீறாமல் அதிர்வலைகளால் கல்லை உடைக்கும் சிகிச்சை, 1980 பிப்ரவரியில்தான் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது.