ஒப்புரவும் கண்டி மலைநாடும்

ஈகையும் ஒப்புரவும் ஒன்றெனக் கருதுவாருளர். திருவள்ளுவரோ அவற்றை வேறு வேறு அதிகாரங்களாக வகுத்து, ஈகைக்கு முன்னர் ஒப்புரவறிதலை வைத்தார். உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. யாவரையும் தன்னோடு ஒத்தவராக அறிந்து ஒழுகுவது ஒப்புரவு. கொடுப்பவன், பெறுபவன் என்னும் பேதம் ஈகையில் எஞ்சி நிற்கும். ஒப்புரவில் அது நில்லாது. அறவழிப்பட்ட சமுதாயம் அமைதற்கு இவ்விரண்டனுள் முதற்கண் வேண்டுவது யாது? இவ்வினாவுக்குக் கண்டி மலைநாட்டு வரலாறு தெளிவான விடை பகர்கின்றது.

1815இல் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியிற் கோப்பி பயிரிட்டார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைச் சான்று காட்டவியலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அதனாற் சேனைப் பயிர் செய்த சிங்களக் கிராமத்தார் நிலமிழந்தனர். அந்நிலத்தில் உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்க்கோ லயத்து அறையன்றி நிலமென ஒன்று கிட்டவில்லை. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டிய பின்னரும் இந்நிலை மாறிற்றில்லை. ஒரே அமைப்பினால் இடருற்ற இரு சாராரும், மொழியாலும் சமயத்தாலும் பிரிவுண்டு, தம் இடருக்கு மற்றவரே ஏதுவெனக் கருதினர். ஒருவர் வரலாற்றை மற்றவர் செவிமடுக்க வாய்ப்பு இருந்திலது.

சுதந்திரத்தின் பின்னர் இப்பிளவு ஆழமாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பலரைப் பிரசாவுரிமை அற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவரெனப் பங்கிட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்திலே தோட்டங்களிற் பலர் மாண்டனர்.

இச்சூழலில், 1972ஆம் ஆண்டு, இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் அவர்கள் கண்டியிலே 'சத்தியோதய' என்னும் நிலையத்தை நிறுவினார். உண்மையின் உதயம் என்பது அதன் பொருள். 1925இற் பிறந்த அவர் ஒக்ஸ்போட்டிற் கற்றவர். தோட்டத்து மக்களுக்குத் தொண்டாற்றல் அந்நிலையத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஆயின் அதற்குச் சிறப்பளித்தது தொண்டு மட்டுமன்று. இன, சமய பேதமின்றிச் சிங்களவரும் தமிழரும் அதிற் சேர்ந்துறைந்து பணி செய்தமையே. பிறர் குறையைப் பிறர் வாயாற் கேட்டறிந்த பின்னரே அதனைத் தீர்க்க முயலுதல் அவர்தம் நெறியாயிற்று. 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் எழுந்ததும், 1979இல் தோன்றிய இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தில் அவர் முன்னின்றதும் இந்நெறியின் விளைவுகளே.

1983ஆம் ஆண்டு வன்செயலைச் சிலரது கூட்டுறவு தடுத்து நிறுத்திற்றா எனச் சிலர் வினவுவர். தடுத்திலது. பிரசாவுரிமையும் 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே முற்றுப்பெற்றது. சட்டத்தின் பணியை நட்பு செய்துவிடும் என்பது எம் கருத்தன்று. எனினும், சட்டம் உரிமையை வழங்குமேயன்றி அயலாரை வழங்காது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அவர்கள் அனைவரும் சட்டப்படி இந்நாட்டுப் பிரசைகளாகவே இருந்தனர்.

ஆகவே, ஈகைக்கு முன் ஒப்புரவை வைத்த வள்ளுவர் வைப்புமுறை பொருளுடைத்து. 2017இல் மறைந்த கஸ்பர்ஸ் அடிகள் நம் சமயத்தவரல்லர். ஆயினும் நம் மறை கூறும் அறத்தை நம் நகரில் வாழ்ந்து காட்டியவர். நம் மாணவர் பஞ்சகாலத்தில் அரிசி சேர்த்துக் கொடுப்பது நன்று. அயற்கிராமத்தான் மொழியைக் கற்று, அவன் பாட்டன் இழந்த நிலத்தின் கதையை அவன் வாயாற் கேட்டு, தம் பாட்டன் வாழ்ந்த லயத்தின் கதையை அவனுக்குச் சொல்வது அதனினும் நன்று. சமுதாயம் என்பது அவ்வுரையாடலிலேதான் தொடங்குகின்றது.