கடலோர விடுதிகளும் ஓய்வின் வரலாறும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஸ்கார்பரோ என்றொரு நகர் உண்டு. அங்கே கடலை நோக்கிய மேட்டின்மீது செங்கல்லால் எழுப்பப்பட்ட பெருங்கட்டடம் ஒன்று நிற்கிறது. 1867ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிராண்ட் ஹோட்டல் அது. அதனை வடிவமைத்த கத்பர்ட் பிராட்ரிக் ஓர் ஆண்டினையே கட்டடமாக்க விழைந்தார். நான்கு பருவங்களுக்கு நான்கு கோபுரங்கள். பன்னிரு மாதங்களுக்குப் பன்னிரண்டு தளங்கள். 52 வாரங்களுக்கு 52 புகைபோக்கிகள். 365 நாட்களுக்கு 365 அறைகள். நாட்காட்டி ஒன்றைச் செங்கல்லில் எழுதி வைத்தாற்போன்ற அமைப்பு அது.

அழகிய கற்பனைதான். ஆயினும் அக்கட்டடத்தின்முன் நிற்கும்போது ஒரு கேள்வி எழாமல் இல்லை. ஆண்டின் 365 நாட்களுள் எத்தனை நாள் ஓய்வு நாள்? அந்த ஓய்வு யாருக்கு உரியது?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், அந்நகரில் இரண்டு இரவுகள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பெருவிடுதியில் தங்க நம் பணப்பை இடந்தரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்த பழைய விடுதி ஒன்றில், கூரையை ஒட்டிய சிற்றறை குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் தளம் வரை அகன்ற படிக்கட்டு, வழவழப்பான கைப்பிடி, படிதோறும் சிவப்புக் கம்பளம். அதன்பின் ஒரு சிறு கதவு. அக்கதவுக்கு அப்பால் கம்பளம் இல்லை. ஓர் ஆள் மட்டுமே ஏறத்தக்க குறுகிய மரப்படிகள் இருந்தன. முற்காலத்தில் விடுதியின் பணிப்பெண்கள் உறங்கிய அறை அது என்பதை மறுநாள் காலையுணவின்போது அறிந்தோம். கம்பளம் முடிந்து வெறும் மரம் தொடங்கிய அந்த இடமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கடல் மருந்தான கதை

ஆங்கிலேயர் கடலை நாடியது முதலில் இன்பத்துக்காக அன்று, நோய் தீர்வதற்காகவே. 1626 வாக்கில் ஸ்கார்பரோவின் பாறை அடிவாரத்தில் சுரந்த ஊற்றுநீர் நோய் தீர்க்கும் என்ற செய்தி பரவியது. அந்நீரை அருந்த வந்தவர்களுக்கு, அருகிலிருந்த கடலில் மூழ்கி எழுவதும் நன்று என்று மருத்துவர்கள் கூறத் தொடங்கினர். 1750ஆம் ஆண்டில் லூயிஸ் நகர மருத்துவர் ரிச்சர்டு ரஸ்ஸல், கடல்நீரால் சுரப்பி நோய்களைக் குணப்படுத்துவது பற்றி இலத்தீன் மொழியில் நூல் எழுதினார். கடலில் குளிப்பது மட்டுமன்றி, கடல்நீரைப் பருகவும் அவர் பரிந்துரைத்தார் என்பதை அறியும்போது நமக்கு நகைப்பு வரலாம். ஆனால் செல்வர்கள் அதனை நம்பினர். 1753இல் அவர் பிரைட்டன் கடலோரத்தில் வீடு கட்டிக் குடியேறினார். நோயாளிகள் அவரைத் தேடி வந்தனர். அவ்வீடு இருந்த இடத்தில்தான் 1826இல் ராயல் ஆல்பியன் ஹோட்டல் எழுந்தது.

அரசர்களும் வந்தனர். நோயிலிருந்து தேறிய மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1789இல் வெய்மவுத் நகருக்குச் சென்று கடலாடினார். சக்கரம் பூட்டிய குளியல் வண்டி ஒன்று அவரை நீருக்குள் கொண்டு சென்றது. மன்னர் மூழ்கிய கணத்தில், அருகில் நின்ற மற்றொரு வண்டிக்குள்ளிருந்த இசைக்குழு அரச வாழ்த்தை இசைத்ததாம்! அவர் தங்கிய குளோஸ்டர் மாளிகை பின்னாளில் விடுதியாக மாறியது.

மன்னரின் குளியல் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. ஆனால் நீரில் நின்று பிறரைக் குளிப்பாட்டியவர்கள் யார்? பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பெண்கள். அதிகாலையிலேயே குளிர்ந்த கடலில் இடுப்பளவு நீரில் உடுத்த ஆடையோடு நின்று, சீமாட்டிகளைப் பிடித்து மூழ்கச் செய்வது அவர்களின் தொழில். பிரைட்டனின் மார்த்தா கன் என்னும் அம்மையார் இத்தொழிலில் புகழ் பெற்றவர், முதுமை வரை அதனைச் செய்தவர், 1815இல் மறைந்தார். குளித்தவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுதின் சிகிச்சை. அவருக்கோ அது வாழ்நாள் உழைப்பு.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரையும் நினைவுகூர வேண்டும். 1759இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றிப் பின்னர் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர். 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் தொடங்கினார். அது நொடித்துப் போயிற்று. மனந்தளராமல் பிரைட்டனுக்குச் சென்று, மூலிகை நீராவிக் குளியலையும் உடல் பிடித்துவிடும் இந்திய முறையையும் அறிமுகம் செய்தார். தலைக்குத் தேய்க்கும் பொருளாக இன்று நாம் அறிந்த ‘ஷாம்பு’ என்னும் சொல், அமுக்கிப் பிடித்தலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலம் புகுந்ததே. நான்காம் ஜார்ஜ் மன்னரும் அவரைத் தமக்குப் பணியாற்ற அமர்த்தினார். 1851இல் அவர் இறந்தார். அவருடைய குளியலகம் இருந்த இடத்தில் பின்னர் குயீன்ஸ் ஹோட்டல் எழுந்தது. மார்த்தா கன்னும் முகமதுவும் பிரைட்டனின் புனித நிக்கோலாஸ் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றனர். பிறருடைய ஓய்வுக்காக உழைத்த இருவருக்கும் ஒரே ஊர் மண் ஓய்வளித்திருக்கிறது.

இரயிலும் பெருவிடுதிகளும்

1841இல் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கும், 1845இல் யார்க்கிலிருந்து ஸ்கார்பரோவுக்கும், 1846இல் பிளாக்பூலுக்கும் இரயில் வந்தது. நாள்கணக்கான பயணம் மணிக்கணக்காகச் சுருங்கிற்று. கூட்டம் பெருகவே, வாடகை வீடுகள் போதாமல், அரண்மனைகளை ஒத்த விடுதிகள் எழலாயின. 1864இல் திறக்கப்பட்ட பிரைட்டனின் கிராண்ட் ஹோட்டலில் நீர்விசையால் இயங்கிய லிஃப்ட் இருந்தது. அதனை ‘ஏறும் வண்டி’ என்ற பொருளில் அழைத்தனர். ஸ்கார்பரோ விடுதியின் குளியல் தொட்டிகளுக்கு நன்னீர்க் குழாயோடு கடல்நீர்க் குழாயும் இருந்தது. ஈஸ்ட்போர்ன் நகரின் கிராண்ட் ஹோட்டல் 1875இல் எழுந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸி 1905ஆம் ஆண்டுக் கோடையில் அங்குத் தங்கியிருந்துதான், கடலைப் பற்றிய தம் புகழ்பெற்ற இசைப்படைப்பின் இறுதிப் பணிகளைச் செய்தார்.

இத்தகைய விடுதிகளின் வசீகரத்தை நாம் மறுக்கவில்லை. வளைந்தேறும் படிக்கட்டு, கண்ணாடிக் கூரையிட்ட கூடம், தொட்டிகளில் வளர்ந்த பனைச்செடிகள், கடலைப் பார்த்த பெரிய சன்னல்கள் ஆகிய அனைத்தும் மனத்துக்கு இதமளிப்பன. ஆனால் ஒவ்வோர் அறையின் கணப்புக்கும் கரி சுமந்து ஏறியவர் உண்டு. சுடுநீர் சுமந்தவர் உண்டு. இரவுக் கலங்களைக் கொண்டுபோய்க் கழுவியவர் உண்டு. விருந்தினர் கண்ணில் படாதவாறு அவர்கள் ஏறி இறங்கவே பின்புறத்தில் குறுகிய படிகள் கட்டப்பட்டன. ஓய்வு ஒரு படியில் ஏறியது. உழைப்பு மற்றொரு படியில் ஏறியது.

ஸ்கார்பரோவின் பெருவிடுதி எழுவதற்கு முன் அதே இடத்தில் வாடகை இல்லங்கள் சில இருந்தன. செல்வக் குடும்பம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்த ஓர் இளம்பெண், 1840களின் தொடக்கத்தில், அக்குடும்பத்தோடு கோடைதோறும் அங்கு வந்தார். அது அவருக்கு விடுமுறை அன்று. வேலையிடம் மாறியது, அவ்வளவே. ஆயினும் அக்கடலை அவர் நேசித்தார். பின்னர் காசநோய் முற்றியபோது, அக்கடலைக் காணவேண்டுமென விழைந்து, தம் தமக்கை சார்லட்டோடும் தோழி ஒருவரோடும் 1849 மே 25 அன்று அங்கு வந்து சேர்ந்தார். மூன்றே நாளில், மே 28 அன்று, 29ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர்தாம் நாவலாசிரியர் ஆன் பிராண்டி. பணியாளராகப் பல கோடைகள் வந்த இடத்துக்கு, தமக்காக அவர் வந்தது இறக்கும் தறுவாயில்தான். அந்நகரின் புனித மரியா ஆலயக் கல்லறையில் அவருடைய நடுகல் இன்றும் உள்ளது.

திருவிழாவிலிருந்து விடுமுறை

உழைப்பவர் ஓய்வு பெற்ற கதை, நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இடத்தில் தொடங்குகிறது. அதுதான் பங்குத் திருவிழா! நடுக்கால இங்கிலாந்தில், ஆலயப் பாதுகாவலரின் விழாவுக்கு முந்திய இரவு மக்கள் விழித்திருந்து செபித்தனர். ‘விழித்தல்’ என்னும் பொருள்கொண்ட ‘வேக்ஸ்’ என்ற பெயர் அவ்விழாவுக்கு அமைந்தது. சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் புனிதர்களின் விழாக்கள் மங்கின. ஆனால் சந்தையும் ஆட்டமும் கூடிய அந்நாட்களை மக்கள் விட்டுவிடவில்லை. லங்காஷயர் மாநிலத்தில் பஞ்சாலைகள் பெருகியபோதும், அந்நாட்களில் தொழிலாளர் வேலைக்கு வர மறுத்தனர். தடுத்துப் பார்த்த ஆலை முதலாளிகள் இறுதியில் இணங்கி, அந்த வாரத்தில் ஆலையை மூடி இயந்திரங்களைப் பழுதுபார்த்தனர். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம். ஓய்வுநாளைப் பற்றிய திருச்சட்டம் வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்றி, அவனுடைய பணியாளனுக்கும் பணிப்பெண்ணுக்கும் ஓய்வு வேண்டுகிறது. ஆலைத் தொழிலாளர் அதனை நூல்வழி வாதிடவில்லை. வேலைக்கு வராமல் நின்று பெற்றுக்கொண்டனர்.

அவ்வாரத்தில் ஊரே இரயிலேறிப் பிளாக்பூலுக்குச் சென்றது. அவ்விடுமுறைக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சில காசுகளைச் சேமிப்புச் சங்கங்களில் கட்டி வந்த பணமே செலவுக்கு. அவர்களுக்குப் பெருவிடுதிகள் எட்டாக் கனி. இரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் வரிசையாய் நின்ற சிறு தங்கும் இல்லங்களே புகலிடம். அவற்றை நடத்தியவர் பெரும்பாலும் பெண்கள். விருந்தினர் அரிசி பருப்பு கட்டிக்கொண்டு திருத்தலங்களுக்குச் செல்லும் நம் மக்களைப்போல், அவர்களும் இறைச்சியும் காய்கறியும் வாங்கிக் கொடுக்க, வீட்டுக்காரம்மா தனித்தனியே சமைத்துத் தந்தார். மேசைமேல் வைத்த உப்பு, மிளகுச் சிமிழுக்குக்கூடத் தனிக் கட்டணம் வாங்கியவர் உண்டு! காலையுணவு முடிந்ததும் வெளியேறி, மாலையில்தான் திரும்ப வேண்டும். இடையில் மழை பெய்தால் கடற்கரைக் கூரையடியில் ஒதுங்க வேண்டியதுதான். நகைச்சுவைப் பாடல்களும் அஞ்சலட்டைப் படங்களும் அவ்வம்மாக்களைக் கேலி செய்தன. ஆனால் ஊரார் ஓய்வெடுத்த அந்த வாரங்களில் அவர்களுக்கு உறக்கமில்லை. தம் படுக்கையறையையும் வாடகைக்கு விட்டு, தாம் அடுக்களையில் படுத்தவரும் உண்டு.

சட்டம் மெல்லப் பின்தொடர்ந்தது. சர் ஜான் லபக் முயற்சியால் 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறி, ஆண்டில் சில திங்கட்கிழமைகள் பொது விடுமுறையாயின. கூலியோடு கூடிய விடுமுறைக்கு வழிசெய்த சட்டம் 1938இல்தான் வந்தது. அடுத்த ஆண்டே போர் மூண்டதால் அதன் முழுப் பயனையும் மக்கள் போருக்குப் பின்னரே நுகர்ந்தனர். மன்னர் வெய்மவுத்தில் கடலாடியதற்கும் இச்சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 150 ஆண்டுகள். ஓய்வு அரண்மனையிலிருந்து ஆலைத் தெருவுக்கு வந்துசேர அத்தனை காலம் ஆயிற்று.

போரும் பின்னரும்

செல்வர்க்கெனக் கட்டிய அறைகள் எளியவர்க்குத் திறந்ததும் போர்க்காலங்களில்தான். 1914 டிசம்பர் 16 அன்று செருமானியப் போர்க்கப்பல்கள் ஸ்கார்பரோவைக் குண்டுவீசித் தாக்கின. நாட்காட்டி விடுதியும் சேதமுற்றது. அதே போரில் போர்ன்மத் நகரின் மான்ட் டோர் ஹோட்டல் மருத்துவமனையாக்கப்பட்டது. பிரான்சுப் போர்முனையில் காயமுற்ற இந்தியப் படைவீரர்கள் அங்குச் சிகிச்சை பெற்றனர். செல்வச் சீமான்கள் உடல்நலம் தேடி வந்த அறைகளில், பஞ்சாபிலும் கர்வாலிலும் பிறந்த உழவர் மக்கள் படுத்திருந்தனர். 1921இல் அக்கட்டடம் நகராட்சி மன்றமாயிற்று. மோர்கம் நகரில் 1933இல் இரயில் நிறுவனம் எழுப்பிய மிட்லண்ட் ஹோட்டலும் இரண்டாம் உலகப் போரில் மருத்துவமனையாகப் பணியாற்றியது.

போருக்குப் பின் சில ஆண்டுகள் இந்நகர்கள் நிரம்பி வழிந்தன. பின்னர் மலிவான விமானப் பயணம் மக்களை ஸ்பெயின் நாட்டு வெயிலுக்கு அழைத்துச் சென்றது. விடுதிகள் பல குடியிருப்புகளாயின, சில பாழாயின. நெடுங்காலம் மூடிக்கிடந்த மிட்லண்ட் ஹோட்டல் 2008இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. பிரைட்டனின் ராயல் ஆல்பியனோ 2023 ஜூலையில் தீக்கிரையாகிப் பெரும்பகுதி அழிந்தது.

நாம் புறப்பட்ட காலையில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மரப்படிகளில் இறங்கினோம். வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண் ஒருத்தி, கைகளில் வெள்ளை விரிப்புகளைச் சுமந்தபடி எதிரே ஏறி வந்தாள். படி குறுகியது, இருவர் ஒதுங்க இடமில்லை. அவள் பழக்கத்தால் பின்வாங்கிக் கீழே இறங்க முனைந்தாள். வேண்டாமென்று கையமர்த்தி, நாமே திரும்பி மேலேறி அறை வாயிலில் நின்று அவளுக்கு வழிவிட்டோம். அவள் சிறிது வியந்து, புன்னகைத்து, அடுத்த அறைக்குள் நுழைந்தாள். அன்று அவள் விரிக்க வேண்டிய படுக்கைகள் எத்தனையோ, அவளுக்கு அந்த ஆண்டில் கிடைக்கும் விடுமுறை எத்தனை நாளோ, கேட்க நமக்கு நா எழவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.