நொய்யல் கரையின் உலைகளும் கார்பன் ஆவியும்: கொடுமணல் சான்றுகளை முன்வைத்து ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய மட்கலங்களிலும் எஃகு வாளிலும் கார்பன் நானோகுழாய்கள் கண்டறியப்பட்ட செய்தி, பழந்தமிழர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தனர் என்னும் கூற்றுக்குச் சான்றாக எடுத்தாளப்படுகிறது. வேதி ஆவிப் படிவு என்னும் நவீன முறையின் வரலாற்றோடு நொய்யல் ஆற்றுச் சமவெளியின் தொல்லியல் சான்றுகளை ஒப்புநோக்கி, அக்கூற்றின் எல்லையை இக்கட்டுரை வரையறுக்கிறது. நானோ வடிவம் தோன்றுவது வேறு, அதைத் தோற்றுவிக்கும் சூழலைக் கட்டுப்படுத்துவது வேறு, அவ்வடிவத்தை அறிந்து ஆக்குவது வேறு என்பதும், பண்டைய கைவினைஞரின் சாதனை இரண்டாம் நிலையிலேயே உறுதிப்படுகிறது என்பதும் இதன் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: கொடுமணல், நொய்யல், உருக்கு, கருப்பு-சிவப்பு மட்கலம், கார்பன் நானோகுழாய், வேதி ஆவிப் படிவு.

முன்னுரை

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களைக் கடந்து கிழக்கே சென்று காவிரியில் கலக்கிறது. பின்னலாடைத் தொழிலாலும் சாயப்பட்டறைகளாலும் இன்று அறியப்படும் இவ்வாற்றின் வடகரையில், திருப்பூருக்குக் கிழக்கே, ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் கொடுமணல் அமைந்துள்ளது. கருவூரைப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையோடு இணைத்த பெருவழியில் இவ்வூர் இருந்தது. பதிற்றுப்பத்தின் 67ஆம் பாடலில் கபிலரும் 74ஆம் பாடலில் அரிசில்கிழாரும் கொடுமணம் எனச் சுட்டுவது இவ்வூரையே என்பது ஆய்வாளர் கருத்து. அப்பாடல்கள் இவ்வூரின் அணிகலன்களை மட்டுமே போற்றுகின்றன. இங்கு எரிந்த உலைகளைப் பற்றி அறிய அகழாய்வே துணை.

1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் தொடங்கிய அகழாய்வுகளும், பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் மேற்கொண்டவையும் இவ்வூரை ஒரு தொழில் நகராக வெளிப்படுத்தின. மணிகள் செய்ததற்கான மூலக்கற்களும் கழிவுகளும், இரும்பு உருக்கிய உலைகளின் அடித்தளங்களும், கசடுகளும், சுடுமண் ஊதுகுழாய்களும், நூல் நூற்கப் பயன்பட்ட தக்களி வட்டுகளும் கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. நூலும் நெருப்பும் ஒரே ஊரில் இயங்கியதை இச்சான்றுகள் காட்டுகின்றன.

வேதி ஆவிப் படிவு: முறையும் வரலாறும்

ஆவிநிலையிலுள்ள சேர்மம் ஒன்று சூடான பரப்பை அடைந்து சிதைந்து, திண்மப் பொருளை அப்பரப்பில் படியவிடுவதே வேதி ஆவிப் படிவு. படிவது பரப்பு முழுவதும் சீராகப் பரவினால் மென்படலம் உருவாகிறது. இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகத் துகள்கள் வினையூக்கிகளாக அமைந்தால், படிவு இழையாகவும் குழாயாகவும் வளர்கிறது. சேர்மத்தின் தன்மை, வெப்பநிலை, காற்றுச்சூழல், வினையூக்கி ஆகிய நான்கும் விளைவைத் தீர்மானிக்கின்றன.

இம்முறையின் தொழில்வரலாறு மின்விளக்கிலிருந்து தொடங்குவதாகக் கொள்வர். விளக்கின் கார்பன் இழையை ஹைட்ரோகார்பன் ஆவியில் சூடாக்கி அதன்மேல் கார்பனைப் படியவைக்கும் முறைக்கு 1880இல் சாயர், மேன் இருவரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். 1889இல் ஹியூஸ், சேம்பர்ஸ் இருவரும் பெற்ற காப்புரிமை இங்குக் கூடுதல் கவனத்திற்குரியது. இரும்பு மூசையில் மீத்தேன், ஹைட்ரஜன் கலவையைச் சூடாக்கி மயிர் போன்ற கார்பன் இழைகளை வளர்ப்பதை அது விவரித்தது. இழை வளர்ச்சியை மின்னணு நுண்ணோக்கியில் நேரடியாகக் கண்காணித்த பேக்கரும் அவர் குழுவினரும், உலோகத் துகள் கார்பனைக் கரைத்து உள்வாங்கி மறுபுறம் இழையாக வெளித்தள்ளுகிறது என்னும் விளக்கத்தை 1972இல் முன்வைத்தனர். 1991இல் சுமியோ இஜிமா வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே கார்பன் நானோகுழாய் தனித் துறையாக வளர்ந்தது.

மூசைக்குள் ஆவி: ஹீத்தின் விளக்கம்

இவ்வரலாற்றுக்கு முன்னரே, தென்னிந்திய உருக்கைப் பற்றி ஆவிநிலை வேதியியல் சார்ந்த விளக்கம் ஒன்று எழுதப்பட்டது. ஐரோப்பியர் ஊட்ஸ் என அழைத்த இவ்வெஃகின் பெயர் கன்னட, தெலுங்கு மொழிகளின் உக்கு என்னும் சொல்லோடு தொடர்புடையது என்பர். தமிழின் உருக்கும் அதன் இனச்சொல்லே. தேனிரும்புத் துண்டுகளை ஆவாரை விறகோடு சிறு மண்மூசையில் இட்டு, எருக்கு முதலிய பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துத் துருத்தியால் ஊதிச் சூடாக்குவது இதன் செய்முறை. இதை விரிவாகப் பதிவு செய்தவர்களுள் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்த அவர், காங்கயத்தை அடுத்த படியூரில் 1819-20ஆம் ஆண்டுகளில் பெரில் மணிச் சுரங்கத்தை நடத்தியவராகவும் அறியப்படுகிறார். பண்டைய கொடுமணலின் மணித்தொழிலுக்கு மூலக்கல் தந்த பகுதியாகக் கருதப்படுவதும் அப்படியூரே. பின்னர் 1830இல் பரங்கிப்பேட்டையில் அவர் இரும்பாலை தொடங்கினார்.

1839இல் இராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியான கட்டுரையில் ஹீத் ஓர் ஒப்பீட்டை நிகழ்த்தினார். இரும்பைக் கார்பனுடன் மூசையில் உருக்கி எஃகாக்கும் முறைக்கு டேவிட் மஷெட் 1800இல் காப்புரிமை பெற்றிருந்தார். மூடிய கலனில் ஹைட்ரோகார்பன் வாயுவைச் சூடான இரும்பின்மேல் செலுத்தி எஃகாக்கும் முறைக்குச் சார்லஸ் மெக்கின்டாஷ் 1825இல் காப்புரிமை பெற்றார். துணியில் இரப்பர்ப் பூச்சிட்டு மழைக்காப்பு ஆடை உருவாக்கியவரும், சாயத்தொழில் குடும்பத்தில் பிறந்தவருமான வேதியியலாளர் இவர். இவ்விரு முறைகளின் கொள்கைகளும் தென்னிந்திய மூசைக்குள் ஒன்றுசேர்ந்துள்ளன என்பது ஹீத்தின் கருத்து. பச்சிலையும் விறகும் வெளியிடும் வாயு, வாய் அடைபட்டதால் வெளியேற முடியாமல் இரும்போடு தங்கி வினைபுரிகிறது. திண்மக் கரியைவிட வாயுநிலைக் கார்பனை இரும்பு விரைந்து ஏற்கிறது என்று அவர் விளக்கினார்.

இவ்விளக்கத்தைப் பேக்கரின் விளக்கத்தோடு சேர்த்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. இரண்டிலும் ஆவி சிதைகிறது. கார்பன் இரும்பில் கரைகிறது. இரும்பு கட்டியாக இருந்தால் கரைந்த கார்பன் உட்பரவி எஃகை ஆக்குகிறது. இரும்பு நானோ அளவிலான துகளாக இருந்தால் விரைவில் நிறைவுற்று, மிகுந்த கார்பனை இழையாக வெளியிடுகிறது. எஃகும் நானோகுழாயும் தோற்றத்தில் வேறாயினும் வேதி அடிப்படையில் நெருங்கிய உறவுடையவை. எனினும் எஃகாதலில் கார்பன் உலோகத்தின் உட்புகுகிறதேயன்றிப் பரப்பில் படலமாக நிற்பதில்லை. ஆகவே உருக்கு மூசையை வேதி ஆவிப் படிவு உலை என்றே அழைப்பது பொருந்தாது. ஆவியின் வழி கார்பனை ஊட்டும் உலை என்பதே பொருந்தும்.

சென்னிமலைப் பகுதியின் இரும்புத்தாதுவைக் கொடுமணல் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பது அகழாய்வாளர் கருத்து. சசிசேகரனும் இரகுநாத ராவும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வூரின் இரும்பு, எஃகுத் தொழில்நுட்பத்தை உலோகவியல் நோக்கில் விவரித்தது. தமிழகத்தின் மேல்சிறுவளூரில் மூசை எஃகு உற்பத்திக் களத்தைச் சாரதா ஸ்ரீநிவாசன் 1994இல் அறிமுகப்படுத்தினார். ஹீத் கண்ட செய்முறையை அப்படியே கொடுமணலின் காலத்திற்கு ஏற்றிக்கூற இயலாது; இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உள்ளன. மூடிய கலனில் கார்பன் ஊட்டும் மரபு தமிழகத்தில் வேரூன்றியிருந்தது என்ற அளவிலேயே இச்சான்றுகள் பயன்படும்.

மட்கலத்தின் கரும்படலம்

படலம் என்னும் சொல் நேரடியாகப் பொருந்துவது மட்கலத்திற்கே. கொடுமணலில் மிகுதியாகக் கிடைக்கும் கருப்பு-சிவப்பு மட்கலத்தின் உட்புறமும் விளிம்பும் கருமையாகவும் வெளிப்புறம் செம்மையாகவும் உள்ளன. கலத்தைக் கவிழ்த்து, உள்ளே இலைதழை போன்ற எரிபொருள் அடைத்துச் சுடும் முறையால் இது விளைந்தது எனப் பொதுவாக விளக்குவர். வெளிப்புறம் காற்றுப்பட்டுக் களிமண்ணின் இரும்பு ஆக்சைடு சிவக்கிறது. உட்புறத்தில் ஆக்சிஜன் குன்றி அவ்வாக்சைடு ஒடுக்கமடைகிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பன் ஆவியும் சிதைந்து கார்பன் நுண்துளைகளில் படிகிறது. ஒரே சூளையில், ஒரே கலத்தில், இருவேறு காற்றுச்சூழல்களை நிலைநிறுத்திய திறன் இது. அப்பரப்பில் சுட்டபின் கீறப்பட்ட ஆட்பெயர்கள் இன்றும் படிக்கக் கிடைப்பது அதன் உறுதிக்குச் சான்று.

இப்பின்புலத்தில் கீழடி ஆய்வை நோக்கலாம். கீழடியில் கிடைத்த, கி.மு. 6ஆம் நூற்றாண்டு அளவிற்குப் பழமையான பானை ஓடுகளின் கரும்பூச்சில் ஒற்றைச் சுவர், பல்சுவர்க் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை வேலூர் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு 2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டது. பூச்சில் தாவரச் சாறு பயன்பட்டு, உயர்வெப்பத்தில் அது நானோகுழாய்களைத் தோற்றுவித்திருக்கலாம் என்பது அவர்களது கருத்து. இதற்கு முன், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோகுழாய்களைக் கண்டதாகப் பாஃப்லர் குழுவினர் 2006இல் நேச்சர் இதழில் அறிவித்தனர். இரும்புக் கார்பைடே நுண்கம்பி வடிவில் அமையக்கூடும் எனச் சுட்டி வெர்ஹோவன் அம்முடிவை ஐயுற்றார்.

இரும்பு கலந்த களிமண், தாவர ஆவி, ஆக்சிஜன் குறைந்த வெப்பம் ஆகியவை சேருமிடத்தில் நானோகுழாய் தோன்றுவது வியப்பன்று. இன்றைய ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்துவதும் இக்கூறுகளையே. மேலும், மனிதத் தலையீடின்றியும் அவை தோன்றும். கிரீன்லாந்தில் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையான பனிக்கட்டியில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை எஸ்கிவெல், மர் இருவரும் 2004இல் வெளியிட்டனர். இயற்கை எரிதலிலேயே பிறக்கும் வடிவத்தை, அது கலத்தில் காணப்படுகிறது என்பதனால் மட்டும் திட்டமிட்ட ஆக்கமெனக் கொள்ள இயலாது.

மூன்று நிலைகள்

எனவே சான்றுகளை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காண வேண்டும். நுண்வடிவம் உருவாதல் முதல் நிலை. இதை நுண்ணோக்கி மெய்ப்பிக்கும். உருவாக்கும் சூழலைக் கட்டுப்படுத்தல் இரண்டாம் நிலை. ஒரே தன்மையுடைய கலங்கள் தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் ஆக்கப்பட்டமை இதை மெய்ப்பிக்கும். நுண்வடிவை அறிந்து வேண்டிய வகையில் ஆக்குதல் மூன்றாம் நிலை. நானோ தொழில்நுட்பம் என்னும் பெயர் இதற்கே உரியது. சாயவேரும் படிகாரமும் கொண்டு துணியில் நிலைத்த செந்நிறம் ஏற்றிய சாயக்காரர், அவற்றின் மூலக்கூறுப் பிணைப்பை அறிந்திலர். ஆயினும் நீர், வெப்பம், காலம் ஆகியவற்றை ஆண்டார். அவரது திறனை மூலக்கூறு அறிவு எனப் பெயரிடுவது அதை உயர்த்துவதாகாது. சூளைக்காரருக்கும் இது பொருந்தும்.

கொடுமணலின் கரும்படலத்தை ஆராய்வோர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். மாதிரிகள் மண்ணடுக்கு உறுதிசெய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும். கலத்தின் செந்நிறப் பகுதி, சூழ்ந்துள்ள மண், அதே பகுதியின் சுடாத களிமண் ஆகியவற்றையும் ஒப்பீட்டுக்காக ஆராய்தல் வேண்டும். எரிபொருளை மாற்றியும் மாற்றாமலும் மறுசூளைச் சோதனைகள் நிகழ்த்தி விளைவுகளை ஒப்பிடல் வேண்டும். குறிப்பிட்ட இலையோ சாறோ சேர்ந்தபோது மட்டும் குறிப்பிட்ட பண்பு விளைகிறது எனத் தெரிந்தாலே தேர்ந்தெடுத்த செய்முறை பற்றிப் பேச முடியும்.

முடிவுரை

நொய்யல் கரையின் கைவினைஞர் ஆவியைக் கண்ணால் காணாமலே அதை அடைத்தும் திறந்தும் ஆண்டனர், இரும்பைக் கடினமாக்கினர், கலத்தைக் கருமையாக்கினர். கருப்பும் சிவப்புமாக நிற்கும் ஒவ்வோர் ஓடும் இதை மெய்ப்பிக்கிறது. இப்பெருமைக்கு நானோ என்னும் அடைமொழி தேவையில்லை. சான்றுக்கு மிஞ்சிய கூற்று, அது மறுக்கப்படும் நாளில், மெய்யான சாதனையையும் ஐயத்திற்குள்ளாக்கும்.

சான்றுகள் நிலைத்திருப்பதும் உறுதியன்று. கொடுமணலை அடுத்த ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டிற்கு வந்தபின் திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவிற்கு நிலை முற்றியது. சாயமேற்றப் பயன்படும் உப்பின் குளோரைடு இரும்பின் அரிப்பை விரைவுபடுத்தும் இயல்புடையது. கரும்படலம் நிலைத்தாலும் இரும்பு நிலைக்காது. ஆகவே இவ்வாற்றங்கரையில் இரும்புத் தொல்பொருள்களையும் உலைக் கழிவுகளையும் முறையாகத் திரட்டி, பகுப்பாய்ந்து, பாதுகாத்தல் காலம் தாழ்த்தக்கூடாத பணியாகும்.