தாராவியின் வல்லிசை: பங்க் வேரூன்றாத இடத்தில் ராப் வேரூன்றியது ஏன்?

மும்பைத் தமிழரின் இசை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளோடு நின்றுவிடுகின்றனர். 1952இல் தொடங்கப்பட்ட சண்முகானந்தா சபையும், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் அவ்வரலாற்றின் அறியப்பட்ட முகங்கள். அங்கிருந்து மிக அருகில் இருக்கிறது தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம் அது. அதன் ஒலி நம் வரலாறுகளில் அரிதாகவே கேட்கிறது.

தாராவியின் இன்றைய இசையைப் புரிந்துகொள்ள ஹார்ட்கோர் பங்க்குடன் அதை ஒப்பிடுவது பயன்தரும். வாஷிங்டன் நகரின் கறுப்பின இசைஞர்களான பேட் பிரைன்ஸ் குழுவினர் ஜாஸ் கலப்பிசையிலிருந்து பங்க்குக்கு வந்தவர்கள். அதே நகரின் மைனர் த்ரெட் குழு 1981இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' ஒரு நிமிடம்கூட நீளாத பாடல். வேகம், சுருக்கம், பெருநிறுவனங்களின் தயவின்றித் தாமே பதிவுசெய்து வெளியிடுதல் ஆகிய மூன்றும் அவ்விசையின் இயல்புகள். மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையிலான தொலைவை அது அழித்தது. அதன் ஈர்ப்பும் அதுவே.

மும்பையிலும் பங்க் ஒலித்தது. 2010களின் தொடக்கத்தில் 'தி ரயட் பெட்லர்ஸ்' குழு வெளியிட்ட 'சர்க்கார்ஸம்' என்னும் குறுந்தொகுப்பின் பெயரே சர்க்காரையும் ஆங்கிலத்தில் கிண்டலைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்த சிலேடை. ஆனால் இவ்விசை தாராவியில் வேரூன்றவில்லை. முதற்காரணம் பொருளியல் சார்ந்தது. கிதார், ஒலிபெருக்கி, டிரம்ஸ், ஒத்திகைக்கூடம் ஆகியவற்றுக்குப் பணமும் இடமும் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய ஓரறை வீட்டில் டிரம்ஸ் வாசிக்க இயலாது. ராப் பாடக் கைப்பேசியும் தாளப்பதிவும் போதும்.

இரண்டாவது காரணம் மொழி. ஹார்ட்கோரின் அலறலில் சொல் கரைந்துபோகலாம். சினம் மட்டும் கேட்டால் போதும். தாராவி இளைஞருக்கோ சொல் கேட்டாக வேண்டும். இங்கு உருவான டோப்படெலிக்ஸ் குழு தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய நான்கிலும் பாடுகிறது. காவல்துறையின் கெடுபிடியைப் பற்றிய அவர்களது பாடலொன்றின் தலைப்பு மராத்தியில் அமைந்தது: 'ஆயி சப்பத் சாஹேப் மீ நவ்தோ'. 'தாய்மேல் ஆணை ஐயா, அது நானில்லை' என்பது பொருள். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசும் ஓர் இளைஞன் காவல் நிலையத்தில் எம்மொழியில் மன்றாட வேண்டியிருக்கிறது என்பதை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது. இங்கே மொழிக்கலப்பை வெறும் அலங்காரமாகக் கொள்ள இயலாது. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியரைக் குறிவைத்து நடத்திய பரப்புரையின் நினைவு தங்கியுள்ள நகரம் இது என்பதையும் சேர்த்தே இதனைப் படிக்க வேண்டும்.

ஒலியியல் நோக்கில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தமிழில் வல்லின மெய் இரட்டிக்கும்போது காற்று ஒரு கணம் முழுவதும் அடைபட்டு, பின் வெடித்து வெளிவருகிறது. ஹார்ட்கோரில் டிரம்ஸ் செய்யும் வேலையை ராப்பில் 'ட்ட', 'க்க', 'ற்ற' என்னும் ஒலிகளே செய்துவிடுகின்றன. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 20 வண்ணங்களுள் வல்லிசை, குறுஞ்சீர், உருட்டு, முடுகு ஆகியனவும் அடங்கும். தாராவிப் பாடகர் அவற்றைக் கற்றுப் பாடுகிறார் என்று நான் சொல்லவரவில்லை. இவ்விசையை விவரிக்கும் கலைச்சொற்கள் நம் யாப்பியலில் முன்பே இருக்கின்றன என்பதே என் கருத்து.

2018இல் பா. இரஞ்சித்தின் 'காலா' திரைப்படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் டோப்படெலிக்ஸ் பாடியபோது தமிழகம் இக்குரலைக் கேட்டது. அதே ஆண்டு சனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. இரண்டையும் ஒரே வரலாற்றின் இரு கிளைகளாக ஆராய இடமுண்டு.

மறுவளர்ச்சித் திட்டத்தால் தாராவியின் சந்துகள் உருமாறவிருக்கும் வேளை இது. இப்பாடல்களில் பல இணையத் தளங்களில் மட்டுமே உள்ளன. அவை அங்கு நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மும்பையிலுள்ள மொழியியல், சமூகவியல் மாணவர்கள் பாடல்வரிகளை எழுத்துப்பெயர்த்து, பாடியோரின் ஒப்புதலுடன் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து ஆவணப்படுத்தும் பணியை இப்போதே தொடங்க வேண்டும்.