நீலகிரியும் கட்டற்ற மேசைக்கணினியும்

யாரும் பயன்படுத்தவும், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்க்கவும், மாற்றவும், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தரும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். திறமூல மென்பொருள் என்ற பெயரும் வழக்கில் உண்டு. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் கருனியைப் பற்றி அறிவித்தார். அதுவே லினக்ஸ். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தெரியாதவரும் சுட்டியைக் கொண்டு இதைப் பயன்படுத்தலாம் என்ற நிலை, 1996இல் தொடங்கிய கேடியீ, 1997இல் தொடங்கிய குனோம் ஆகிய பணிச்சூழல்களால் வந்தது.

இந்த ஆண்டுகள் எந்தக் கணினிப் புத்தகத்திலும் கிடைக்கும். ஊட்டி, குன்னூர் போன்ற மலை ஊர்களில் ஒரு வீட்டு மேசைக்கு இது எப்படி வந்து சேர்ந்தது என்பதை யாரும் அதிகம் எழுதவில்லை. கைமாறிக் கைமாறி வந்தது என்பதுதான் சுருக்கமான பதில். கொடுத்தவர் கூப்பிடும் தூரத்தில் இருந்த இடங்களில் நிலைத்தது. மற்ற இடங்களில் வட்டு மட்டும் மிஞ்சியது. குன்னூர்ப் பக்கம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் இந்த இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

வட்டில் வந்த இயங்குதளம்

இந்தியாவில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது பத்திரிகை வழியாக. பிசி குவெஸ்ட் இதழ் 1996இல் தன் இதழோடு லினக்ஸ் குறுந்தகட்டை இணைத்துக் கொடுத்தது. அதற்கு முன்கை எடுத்தவர் பெங்களூருவைச் சேர்ந்த அதுல் சிட்னிஸ். 2003இல் லினக்ஸ் ஃபார் யூ என்ற தனி மாத இதழே வந்தது. 2004 அக்டோபரில் முதல் உபுண்டு வெளியானது. அதன் நிறுவனம் கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகடுகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. முகவரியை நிரப்பிவிட்டுக் காத்திருந்தால் சில வாரங்களில் வெளிநாட்டு உறை ஒன்று தபால்காரர் கையில் வரும். 2011 வரை இந்த ஏற்பாடு நடந்தது.

இன்றைய மாணவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம், இறக்கிக்கொண்டால் போயிற்றே என்று. ஒரு குறுந்தகட்டின் அளவு ஏறத்தாழ 700 மெகாபைட். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த நாளில் மோடத்தின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். அந்த உச்ச வேகம் இடைவிடாமல் கிடைத்தாலே இறக்கி முடிக்க 28 மணி நேரம் ஆகும். மலையில் அந்த வேகம் கிடைக்காது, கம்பியும் 28 மணி நேரம் அறுபடாமல் இருக்காது. அத்தனை நேரத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் வேறு ஓடும்.

அப்படியே வட்டு வந்தாலும் அடுத்த தடை அந்த மோடமே. அன்று கணினிக்குள் பொருத்தி விற்ற மலிவான மோடங்கள் பல, பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் விட்டுவிடுபவை. லினக்ஸில் அவற்றுக்கு இயக்கி இருக்காது. ஆக, இணையத்தில் விடை தேடலாம் என்றால் இணையத்துக்குப் போகவே முடியாது. வெளியில் வைக்கும் பெட்டி மோடம் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

கணினியில் எதையும் மாற்றாமல் வட்டிலிருந்தே இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கும் வசதியைப் பரவலாக்கியது 2000இல் ஜெர்மனியில் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ். இந்த நேரடி வட்டு இல்லாவிட்டால் பல வீடுகளில் லினக்ஸ் முதல் நாளே வெளியேற்றப்பட்டிருக்கும். நான் அந்தப் பொறுமை இல்லாமல் நேராக நிறுவப் போனவன். வன்தட்டைப் பிரிக்கும் இடத்தில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்து, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் முழுவதையும் அழித்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து விடைத்தாள்களிலிருந்து மறுபடி எழுதினேன். அதற்குப் பிறகு படியெடுத்து வைக்காமல் எந்தக் கணினியையும் நான் தொட்டதில்லை.

மலைவாசிகளுக்குப் பொருத்தமான கருவி ஒன்றைச் சொல்ல வேண்டும். டெபியன், உபுண்டு போன்ற வழங்கல்களில் மென்பொருள்கள் பொதிகளாக இணையக் களஞ்சியத்தில் இருக்கும். ஏபிடி என்ற கருவி அவற்றைக் கொண்டுவந்து நிறுவும். இணையம் இல்லாத வீட்டில் என்ன செய்வது? ரித்தேஷ் ராஜ் சராஃப் என்ற இந்தியர் எழுதிய ஏபிடி ஆஃப்லைன் இதற்கு வழி செய்தது. வீட்டுக் கணினி தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அதை விரலியில் எடுத்துக்கொண்டு இணையம் உள்ள இடத்துக்குப் போய், அந்தப் பட்டியலில் உள்ளவற்றை இறக்கி, திரும்பி வந்து நிறுவிக்கொள்ளலாம். மளிகைச் சீட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கி வருவது போன்ற ஏற்பாடு. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஈரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் முதல் மழை பிடித்தால் எங்கள் வீடுகளில் புத்தகமும் தோல் செருப்பும் பூஞ்சை பிடிக்கும். வட்டுகளும் அப்படித்தான். ஒரு வட்டுக்கு இரண்டு படி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைப்பது இங்கே நல்ல பழக்கமாக இருந்தது. சட்டப்படி படியெடுக்க அனுமதித்த மென்பொருள் என்பதால் இதில் ஒளிவுமறைவும் தேவைப்படவில்லை.

திரையில் தமிழ் வந்த கதை

தமிழ் எழுத்துகளுக்கு 1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. ஆனால் இடம் கிடைத்ததற்கும் திரையில் சரியாகத் தெரிந்ததற்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடின. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறி முதலில் ககரத்தையும் பிறகு ஒகரக் குறியையும் சேமிக்கிறது. திரையில் வரையும்போதோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தனி மென்பொருள் வேண்டும். 1990களின் இறுதியில் இணையத் தமிழர்கள் உருவாக்கிய தகுதரம் என்ற குறியாக்கம், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகளைச் சேமித்ததால் அந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. பின்னர் குனோமில் பாங்கோவும், கேடியீயில் க்யூடியும், அதன்பின் ஹார்ஃப்பஸ்ஸும் இந்த வேலையை ஏற்க, ஒருங்குறித் தமிழ் லினக்ஸ் திரையில் ஒழுங்காக நின்றது. ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களில் தமிழும் ஒன்று.

விசைப்பலகைக் கதை இன்னும் சுவையானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவானது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'ங்க', 'ந்த', 'ம்ப' போன்ற இணைகளுக்கும் அப்படியே. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பதே போதும் என்பவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. பிள்ளைகள் 'ammaa' என்று மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித் தமிழ் எழுதுவது ஓர் ஆசிரியருக்கு உவப்பாக இராது. இன்று லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியைத் திறந்து, தமிழ்99ஐச் சேர்த்தால் முடிந்தது. தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

பட்டிகளிலும் பொத்தான்களிலும் வரும் சொற்களைத் தமிழாக்கும் வேலை 2000ஆம் ஆண்டை ஒட்டி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அயல்நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்களால் நடந்தது. 'கோப்பு', 'சேமி', 'அச்சிடு' எல்லாம் எளிதில் ஒட்டிக்கொண்டன. டெஸ்க்டாப்புக்கு மட்டும் மேசைத்தளம், பணிமேடை, மேல்மேசை என்று ஆளுக்கொரு சொல். ஒரே கணினியில் ஒரு பக்கம் ஒன்றும் இன்னொரு பக்கம் வேறொன்றும் இருந்தால் புதியவர் குழம்பத்தான் செய்வார். பலர் ஆங்கிலத்துக்கே திரும்பிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உதகையிலிருந்து ஒரு குரல்

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடும். கோயம்புத்தூரிலும் இத்தகைய குழு இருந்தது. மலையில் இருப்பவர் அந்தக் கூட்டங்களுக்குப் போவதென்றால் ஒரு நாள் பயணம். ஆனால் குழுவின் உண்மையான வேலை மின்னஞ்சலில் நடந்தது. அச்சுப்பொறி ஓடவில்லை என்று ஒருவர் எழுதுவார். முன்பின் தெரியாத இன்னொருவர் பதில் போடுவார். கேள்வி கேட்பதிலும் ஒழுங்கு உண்டு. திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே தர வேண்டும், என்னென்ன முயன்றீர்கள் என்று சொல்ல வேண்டும். வகுப்பறையில் நாங்கள் கற்பிக்க முயன்றதும் இதைத்தான்.

அந்தச் சென்னைக் குழுவில் ஓயாமல் எழுதியவர்களில் ஒருவர் உதகமண்டலத்தில் வாழ்ந்த கென்னத் கோன்சால்வஸ். சென்னையில் ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தோடு இணைந்து செயல்பட்ட கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் பங்காற்றியவர். பைத்தான் நிரல்மொழியையும், அதில் வலைத்தளம் கட்டும் ஜாங்கோவையும் இந்தியாவில் பலரிடம் கொண்டுசேர்த்தார். 2009 செப்டம்பரில் பெங்களூருவில் முதல் பைகான் இந்தியா மாநாடு நடந்தது. அதையொட்டி வளர்ந்த இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கத்தின் முதல் தலைவர் இவரே. படகு இல்லத்துக்கும் வர்க்கிக்கும் பெயர் பெற்ற ஊரிலிருந்து ஒருவர் இப்படி ஓர் அகில இந்தியச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பது ஊட்டியிலேயே பலருக்குத் தெரியாது. 2012 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அதே ஆண்டில் சங்கம் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது.

பெருநகரில் இல்லாமலேயே ஒருவர் நாடு முழுவதற்கும் அக்கம்பக்கத்தாராக இருக்க முடிந்தது. கம்பி ஒழுங்காக இருந்தால் போதும்.

தொடக்கத்திரையில் இரண்டு வரிகள்

அரசும் இந்தப் பக்கம் வந்தது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. அதே 2007 ஜனவரியில் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே மாணவர் கைக்குப் போனது. மாநிலம் முழுவதும் இத்தனை பிள்ளைகளின் கையில் லினக்ஸ் ஒரே நேரத்தில் சேர்ந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

பொத்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு வரிகள் தெரியும், எதைத் தொடங்குவது என்று. மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, "சார், இந்த இன்னொரு வரி எதுக்கு? தப்பா அமுக்கிட்டா கெட்டுப்போயிடுமா?" என்று கேட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைக் காட்டினேன். ஒரு வாரத்தில் ஜிகாம்ப்ரிஸை அவள் தம்பி பிடித்துக்கொண்டான். மற்றப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வரியைத் தொடாமலே படிப்பை முடித்தார்கள். சிலர் கடையில் கொடுத்து, பாட்டுக்கும் படத்துக்கும் இடம் வேண்டுமென்று அந்தப் பகுதியையே அழிக்கச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடத்திட்டத்திலும் தேர்விலும் இல்லாத ஒன்றை எந்த மாணவர் தேடிப் போவார்?

கூடலூரிலிருந்து சற்றுத் தொலைவில் எல்லை தாண்டினால் வயநாடு. அங்கே கேரள அரசு 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. முதலில் விண்டோஸில் ஓடிய அது, சில ஆண்டுகளில் முழுவதும் லினக்ஸுக்கு மாறியது. பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வே அதில்தான் நடந்தது. கேரளம் முதலில் செலவழித்தது ஆசிரியர் மீது. பள்ளிதோறும் பொறுப்பாசிரியர், அவருக்குப் பயிற்சி தர ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்த பயிற்றுநர்கள். நாம் பிள்ளைக்குக் கணினி கொடுத்தோம். அவர்கள் ஆசிரியருக்குக் கணினியைக் கற்றுக்கொடுத்தார்கள். ஏழை வீட்டுக்கு மடிக்கணினி போய்ச் சேர்ந்தது சிறிய காரியம் இல்லை, அந்தத் திட்டத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் இரண்டாவது வரி வீணானதற்குக் காரணம் மென்பொருளின் தரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இப்போது கையில் இருப்பவை

2012 ஜனவரியில் த. சீனிவாசன் முதலிய தன்னார்வலர்கள் கணியம் என்ற தமிழ் மின்னிதழைத் தொடங்கினார்கள். லினக்ஸையும் நிரல்மொழிகளையும் எளிய தமிழில் கற்க விரும்பும் மாணவருக்கு அதுவே நல்ல வாசல்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றபோது பழைய கணினிகள் பல எடைக்குப் போயின. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கும் அதே நிலை வந்திருக்கிறது. எடைக்குப் போடுமுன் ஒரு விரலியில் எக்ஸ்எஃப்சிஈ போன்ற இலகுவான பணிச்சூழல் உள்ள வழங்கலை எழுதி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஒய்-ஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி அசைகிறதா என்று இந்த மூன்றையும் பார்த்த பிறகு நிறுவலாம். லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் பெரும்பாலான வழங்கல்களில் கூடவே வரும். ஐபஸில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். வன்தட்டைப் பிரிக்கும் திரை வரும்போது மட்டும் கையை எடுத்துவிட்டு, திரையில் உள்ளதை இரண்டு முறை படியுங்கள்.

அந்த மாணவியின் மடிக்கணினி இப்போது என் வீட்டில் இருக்கிறது. மின்கலம் செத்துவிட்டது, ஆனால் மின்சாரத்தில் போட்டால் ஓடும். இந்தக் கட்டுரையை அதில்தான் தட்டச்சு செய்தேன், இரண்டாவது வரியிலிருந்து.