முத்துசுவாமி கோயில் முற்றம்

உளச்சிகிச்சையில் குணம் தருவது நுட்பமா, உறவா என்பது பழைய வழக்கு. பல்வேறு முறைகளும் ஒத்த பலன் தருவதற்கு அவற்றின் பொதுக்கூறுகளே காரணமாகலாம் என்று 1936இல் எழுதினார் சோல் ரோசன்ஸ்வைக். அவ்வழக்கில் தமிழகத்துச் சாட்சியம் ஒன்றும் உண்டு.

வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை ரகுராம் குழுவினர் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். மருந்து இல்லை, தனிச் சடங்கும் இல்லை. உறவினர் உடனிருக்க, அவர்கள் கோயிலைப் பெருக்கினர். செடிகளுக்கு நீர் வார்த்தனர். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. எனவே இதனைக் கோயிலின் வெற்றியென முழங்குதல் தகாது. நோய் தானாகவும் தணிந்திருக்கலாம்.

ஆய்வு வெளியாவதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் தீயில் மாண்டனர். தலத்தின் மீதான நம்பிக்கை ஈரிடத்தும் இருந்தது. மனிதரை நடத்திய விதம் வேறு.

உடன் தங்க ஓர் உறவினர், செய்ய ஒரு வேலை, அச்சமற்ற ஒரு முற்றம்: எம்முறையைக் கைக்கொள்ளும் சிகிச்சையாளரும் முதலில் கேட்டறிய வேண்டியவை இவையே.